சைபர் ரூபாய் சால்னா

சால்னாவின் விலை சைபர் ரூபாய். மலைக்கோட்டை அடிவாரத்தில் முதல் பரோட்டாக் கடை போட்ட நாள் முதல் கியாசுதீன் அதற்குக் காசு வாங்கியதில்லை. சப்ளையர் வாளியோடு வருவார். இலை முன் இருப்பவர் கையைக் குறுக்கே நீட்டும்வரை ஊற்றுவார். பரோட்டா தின்ன வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள்.

ஒன்பது கடைவரை தொல்லை இல்லை. துபாய் வேலையை விட்டுவந்த மகன் ஜாவித்துக்காகத் துறையூரில் பத்தாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அதன் பிறகுதான், பத்துக் கடை ஆகிவிட்டால் மெனுவில் ஒவ்வொன்றுக்கும் அளவும் கலோரியும் போட்டாக வேண்டும் என்றார் ஆடிட்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து சுபஸ்ரீ என்ற உணவு ஆலோசகர் வந்தார். கறி வாடையே ஆகாதவர். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு தராசை எடுத்து வைத்தார்.

"பாய், ஒரு பிளேட்டுக்கு எவ்வளவு சால்னா?"

"போதும்ங்கற வரைக்கும்மா."

"போதும்னா எத்தனை மில்லி?"

"அத அவங்க வயித்தத்தான் கேக்கணும்."

"வயித்த மெனுல அச்சடிக்க முடியாதே பாய்."

பிளேட்டுக்கு ஒரே கப் என்று அளந்து வைத்துப் பார்த்தார்கள். மதியமே கடையில் கலாட்டா.

"என்ன பாய், இருமல் மருந்தா? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்றார் ஒரு பழைய வாடிக்கை. பாதிப் பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"பத்தாவது கடையே வேணாம்!" என்று கத்தினார் கியாசுதீன்.

"அப்ப நான் திரும்பவும் துபாய்க்கே ஓடவா, அத்தா?"

மகன் முகத்தைப் பார்த்தார். வியாபாரி மூளை விழித்துக்கொண்டது.

"சால்னாவ தனி அயிட்டமா போடுங்கம்மா. ஒரு கப், நூத்தறுபது கலோரி, விலை சைபர். எத்தனை கப் வேணா கேக்கட்டும். கலோரி அவங்க பாடு."

"சட்டப்படி சரிதான் பாய். ஆனா..."

"உங்க ஆனாவ கேட்டுத்தான்மா ஒரு மாசம் போச்சு."

துறையூரில் கடை திறந்தது. முதல் ஆளாக ஓர் அம்மாள் தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"ஆறு கப் சால்னா, பார்சல்."

"பரோட்டா எத்தனைம்மா?" என்றான் ஜாவித்.

"பரோட்டா எதுக்கு? வீட்டுல தோசை ஊத்தி வச்சிருக்கேன்."

"பரோட்டா வாங்கினாத்தான்மா சால்னா."

"போர்டுல அப்படிப் போடலையே தம்பி. கலோரியெல்லாம் இவ்வளவு சுத்தமா எழுதத் தெரியுது, இத எழுதத் தெரியலையா?"

அவர் பின்னால் இன்னும் நாலைந்து தூக்குவாளிகள். ஜாவித் திருச்சிக்குப் போன் போட்டான்.

"திறப்பு நாள்ல வந்தவங்கள வெறுங்கையா அனுப்பாதடா," என்றார் கியாசுதீன், தலையில் அடித்துக்கொண்டே. "ஊத்து. நாளைக்கு வேற போர்டு மாட்டு."

கடையடைத்ததும் ஜாவித் கணக்கு அனுப்பினான். பரோட்டா நூற்று நாற்பது. சால்னா நானூற்றுப் பத்து கப். வரவு இரண்டாயிரத்து நூறு. செலவு ஆறாயிரத்து முந்நூற்றைம்பது. புதுப் போர்டுக்கு ஆயிரத்து எண்ணூறு. துண்டு விழுந்தது ஆறாயிரத்து ஐம்பது.