நாய் ஏன் குதித்தது?

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு எதையும் அளந்து கொடுத்தால்தான் திருப்தி. பிள்ளைகள் இரண்டு பேரையும் இனி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவானதும், கணக்கைக் கணவன் தலையில் கட்டினாள். அவன் ஏசி மெக்கானிக். கணக்கு வரும், கோபம் வராது. இலக்கியத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். "அதுலதான் பக்கவிளைவு அதிகம்" என்றாள்.

மூன்று பாடத்திட்டங்களைத் தருவித்தாள். முதலாவது முழுக்கப் பழைய காவியங்கள். பெட்டியைத் தூக்கிய கணவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்ததில் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்கூட இல்லை. குழந்தை தனக்குப் பிடித்ததைத் தானே தேடிப் படித்துக்கொள்ளும் என்று பெற்றோருக்கு விளக்கும் தடிமனான கையேடு மட்டும் இருந்தது. கடைசிப் பெட்டியில் ஒரு கதைப் புத்தகம், அத்தியாயம் முடியும் இடமெல்லாம் கேள்விகள், பின்னால் விடைகள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு அத்தியாயமா, பின்னாடியா?" என்று கேட்டான் கணவன்.

"கிண்டல் பண்ணாதீங்க. பிள்ளைங்க படிப்பு இது."

கதை, ஆற்றில் சரக்கு ஏற்றிப் போகும் படகில் வளரும் ஒரு நாயைப் பற்றியது. படகோட்டி நோயில் விழுந்து வழியில் இறங்கிவிடுகிறார். படகு ஒரு முரடன் கைக்குப் போகிறது. மூத்தவள் சத்தமாக வாசிக்க, வாலு என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அவள் தம்பி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். நாய் ஆற்றில் குதித்தது என்ற வரியோடு அத்தியாயம் முடிந்தது. அடுத்த பக்கத்தில், இதுவரை வந்த பெயர்ச்சொற்களை எழுதச் சொல்லியிருந்தது.

"நாய் என்னாச்சும்மா?"

"முதல்ல பெயர்ச்சொல்."

"அது தண்ணியில கிடக்கும்மா!"

"நீ எழுதி முடிச்சா வெளிய வரும்."

வாலு எழுதினான்: நாய், நாய், நாய், அம்மா.

"அம்மா எங்கடா வந்தா இந்தக் கதையில?"

"வில்லன் வேணாமா?" என்றாள் மூத்தவள்.

மறுநாள் காலையில் புத்தகத்தைக் காணவில்லை. பிள்ளைகள் மெத்தையைப் புரட்டினார்கள், துணி அலமாரியைக் கலைத்தார்கள். கணவன் கடைக்குப் போன் போட்டான்.

"இங்கதான் இருக்கு" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பிள்ளைங்களுக்குச் சரியா வருமான்னு பார்க்க எடுத்துட்டு வந்தேன்."

"ஓ, சரி சரி." கொஞ்சம் பொறுத்து அவனும் குரலைத் தாழ்த்தினான். "பிழைச்சுதா?"

"கஸ்டமர் நிக்கிறாங்க, வைங்க."

கஸ்டமர் உண்மையிலேயே நின்றார். இருமல் மருந்துக்கு வந்து, தன் இருமலை இரண்டு முறை செய்தும் காட்டிவிட்டார். அவள் தலை நிமிரவில்லை. "ஒரு நிமிஷம் இருங்க சார், கரை தெரியுது" என்றாள். அவர் குழம்பிப்போய்த் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலிலேயே இரண்டு பேரும் மறித்துக்கொண்டார்கள். படித்தவர்கள் கேள்விக்குப் பதில் எழுதியே ஆகவேண்டும் என்பது மூத்தவளின் தீர்ப்பு. கைப்பையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலைப் பிடித்தாள் அம்மா. நாய் ஏன் குதித்தது என்பது கேள்வி. கரையில் நின்ற ஒருவன் பழைய படகோட்டியைப் போலவே சிவப்புச் சட்டை போட்டிருந்ததால் அவர்தான் என்று ஏமாந்து குதித்தது என எழுதினாள்.

மூத்தவள் விடைப் பக்கத்தைப் பார்த்தாள். "விசுவாசத்தால். உங்க பதில் தப்பு."

"எப்படிடி தப்பு? சட்டையைப் பத்தி அவ்வளவு எழுதியிருக்கே!"

"அதெல்லாம் இல்ல" என்றான் கணவன், பக்கத்து அறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரோடு வந்து. "அந்த முரடன் சோத்துத் தட்டைக் காலால எத்தினான் பாரு, அதுக்கு வந்த ரோஷம்."

"நீங்க எப்பப் படிச்சீங்க?"

"காதுல விழுந்துச்சு."

விடாமல் வழக்காடினார்கள். புத்தகம் கை மாறிக்கொண்டே இருந்தது. அந்தச் சாக்கில் மூத்தவள் மிச்சக் கதையையும் வாசித்து முடித்தாள். நாய் கரையேறிவிட்டது; வாலு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த விடையை எழுதினவங்க கதையைப் படிச்சாங்களா இல்லையா?" என்று கேட்டாள் மூத்தவள்.

அம்மா கத்தரிக்கோலை எடுத்து விடைப் பக்கங்களை நேராக வெட்டியெடுத்தாள். காலாவதியான மருந்தை ஒதுக்கும்போது கடையில் இருக்கும் அதே முகம். "இனிமே இதுதான் திட்டம். ஒரு புத்தகம், நாலு பேரும் படிக்கணும். என்ன வேணா சொல்லலாம். ஆனா எந்தப் பக்கம்னு காட்டணும்."

லீவு நாளில் நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, பிள்ளைகளைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "விசுவாசம்னு எழுதுங்க. மார்க் விழும்."

"நீங்க கதை படிச்சீங்களா அத்தை?" என்றான் வாலு.

கௌரவத்துக்காகப் புத்தகத்தை வாங்கினாள். டீ ஆறியது. பிள்ளைகள் கூப்பிட்டும் அவள் காதில் ஏறவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பாவம், அது பயத்துலதான் குதிச்சிருக்கு."

"எந்தப் பக்கத்துல?" என்றார்கள் இரண்டு பேரும்.

ஆசிரியை அவசரமாகப் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்து, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் மருந்துக்கடைக்காரி.