மாதிரிப் பண்ணையில் ஓர் இலுப்பை

தில்லைநாயகம் அந்தப் பலகையைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே ஆவுடைத்தாய்க்கு நிம்மதி போய்விட்டது. சாதாரணப் பலகையா அது? ஒரு பந்திக்கு இலை போடலாம், அத்தனை பெரிசு. அதன்மேல் காகிதக்கூழ் அப்பி, வயலும் வரப்பும் வாய்க்காலுமாக அவர்கள் நிலமே குட்டியாகிப் படுத்துக் கிடந்தது. அவர்கள் நிலம் என்று இனிமேல் சொல்லக்கூடாது. சர்க்கார் விதைப்பண்ணைக்கு எடுத்தாகிவிட்டது. அவள் புருஷன் நம்பிராஜன் அதே வயலுக்கு இப்போது சம்பளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். சொந்த மடையைச் சம்பளத்துக்குத் திறந்துவிடுவதும் ஒரு பிழைப்புத்தான், என்ன செய்ய?

தில்லைநாயகம் விவசாய இலாகா அதிகாரி. நல்ல மனுஷர்தான், வாயைத் திறந்தால் அவசரம் மட்டும்தான் வரும். சாரலுக்குக் குற்றாலத்தில் சேருகிற கூட்டத்துக்காக ஒரு கண்காட்சி. கலெக்டர் வந்து திறந்து வைக்கிறார். வரப்போகும் பண்ணை எப்படி இருக்கும் என்று சனங்களுக்குச் செய்து காட்ட வேண்டும். கிணறு, தொழுவம், விதைக் கிட்டங்கி எல்லாம் ஆசாரி செய்து கொடுத்துவிட்டார். ஒரு மரம்கூட இல்லை.

"மெட்ராஸ்ல கேட்டா யானை விலை சொல்லுதான் நம்பி. கைலாசம் பிள்ளை வீட்டுக் கொலுவுக்கு நீதான தோப்பு வச்சே? அதே மாதிரி செஞ்சு குடுத்துரு. செலவு ஆவப்படாது. பாத்தா நெசமா இருக்கணும்."

"செஞ்சிரலாம் சார்" என்றான் நம்பிராஜன்.

ஆவுடைத்தாயின் கண் பலகையின் ஒரு மூலையைவிட்டு நகரவில்லை. "சார், இங்கன இலுப்பை நிக்குமே. என்னது வெள்ளையாக் கெடக்கு?"

"அது உலர்களம்மா. நெல்லு காயப்போட சிமிண்டுத் தளம். இலுப்பைய வெட்டிருவோம். இந்த நெலத்துல மேடுன்னு பாத்தா ரெண்டே எடந்தான். ஒண்ணு இந்த மூலை, இல்லேன்னா வாய்க்கால் கரை. மத்ததெல்லாம் மழை பேஞ்சா தண்ணி கட்டிக்கிடும்." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த இலுப்பையின் அடியில் அவள் பிள்ளை கிடக்கிறாள். உலகு. தென்காசிக் கோயில் உலகம்மன் பெயரைத்தான் வைத்தார்கள். சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்த நேரம், ஓர் ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டது. செங்கோட்டை டாக்டர் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளையை எரிக்கிற வழக்கம் கிடையாது. சொந்த நிலத்தில் ஓர் ஓரமாகப் புதைப்பார்கள். பெற்றவள் வாசலைத் தாண்டக்கூடாது. ஆம்பளைகள்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். "இலுப்பை நெழல்ல வைங்க, வெயிலு படாம வைங்க" என்று வாசலில் நின்று கத்தினாள். அதற்கப்புறம் அவள் வயிறு திறக்கவே இல்லை. வருஷா வருஷம் அந்த நாளில் ஒரு செம்புப் பாலை இலுப்பையின் அடிமூட்டில் ஊற்றிவிட்டு வருவாள். அவளுக்குப் பிள்ளை என்று இருந்தது அந்த ஒரு மரம்தான்.

"சார்ட்டச் சொல்லுங்க. மரத்த வெட்டக்கூடாதுன்னு சொல்லுங்க" என்று அன்றைக்கே ஆரம்பித்தாள்.

"வெட்டட்டும் ஆவுட. சர்க்கார் எடம். நாம என்ன சொல்ல முடியும்?"

"வெட்டட்டுமா? ஒங்க வாயில புத்துதான் வைக்கணும்! பெத்த தகப்பன் பேசுத பேச்சா இது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு மருதாணிக் குச்சியைச் சீவ ஆரம்பித்தான். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறான் என்று அவள் நினைத்தாள். அந்தப் பயத்தை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். ஒற்றை ஆள் முடிக்கிற வேலை இல்லை அது.

முதலில் செய்த மரங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கிக் குச்சியில் அப்படியே ஒட்டினால், இட்லியைக் குச்சியில் குத்தி வைத்தது போல் இருந்தது. "மரத்துக்குள்ள வானம் தெரிய வேண்டாமா?" என்று அவள்தான் கூட்டை மெல்லிசாக இழுத்து, கிளை கிளையாக இடம் விட்டு ஒட்டிக் காட்டினாள். புளியங்கொட்டைப் பசையில் மரத்தூளைக் குழைத்துப் பூசினால் பட்டை வந்தது. எலுமிச்சைக்கு மஞ்சள் தடவிய கடுகு. தென்னைக்கு நூல் சுற்றிய ஈர்க்கு, உச்சியில் கத்தரித்த பனையோலைக் குருத்து. ஐந்தருவிப் பாறையில் சுரண்டிக் காயவைத்த பாசி வரப்புப் புல்லாயிற்று. கடையில் வாங்கியது சாயப்பொடி மட்டும்தான். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால், அடடா, புளியங்குடித் தோப்பு ஒன்றைப் பெயர்த்து வைத்தது போல் இருந்தது.

இலுப்பையை அவள் தனியாகச் செய்தாள். வீட்டுத் துளசி பட்டுப்போய் நின்றது. பட்ட துளசியை அடுப்பில் வைக்க மாட்டார்கள், ஆற்றில்தான் விடுவார்கள். அதை வேரோடு எடுத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அடிமரமாக்கினாள். தெற்கே சாய்ந்த கிளை, இடி விழுந்து மொட்டையான கிளை, பங்குனிக் கொழுந்தின் செம்பு நிறம், எதையும் விடவில்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் குற்றாலத்துக் கொட்டகையில் பலகையை வைத்து மற்ற மரங்களையெல்லாம் நட்ட பிறகு, அந்த வெள்ளைத் தளத்தின் நடுவில் துளை போட்டு இலுப்பையை ஊன்றினாள்.

நம்பிராஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எடுத்துரு ஆவுட. வெனையை இழுத்து வைக்காத."

"எடுத்தா என் கையை முறிங்க."

மறுநாள் கலெக்டர் வந்தார். மாலை, பேச்சு, கைதட்டல் எல்லாம் முடிந்து பலகையருகே வந்தவர் குனிந்து குனிந்து பார்த்தார். "இவ்வளவு அழகா யார் செஞ்சது? சரி, களத்துக்கு நடுவுல எதுக்கு மரம்?"

தில்லைநாயகத்துக்கு வேர்த்துவிட்டது. "தப்பா வச்சுட்டாங்க சார், இப்ப எடுத்துடறேன்" என்று கையை நீட்டினார்.

"எடுக்காதீய!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. தான்தான் கத்தினோம் என்று ஆவுடைத்தாய்க்கே பிறகுதான் தெரிந்தது. இனி என்ன, குதித்தாயிற்று. "ஐயா, அந்த மரத்துக்கு அடியில எம் பிள்ளை கெடக்கா. நடக்கக்கூடப் பழகல ஐயா அவ. அவ நெஞ்சு மேல சிமிண்டுத் தளம் போடாதீய ஐயா!"

கலெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "களத்தை வாய்க்கால் கரைக்கு மாத்திடுங்க தில்லைநாயகம். நெல் எங்கே கிடந்தாலும் காயும். மரம் அங்கேயே நிக்கட்டும்."

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ கையைப் பிடித்தார்கள், யாரோ கண்ணைத் துடைத்துவிட்டார்கள். அவள் கண்ணோ நம்பிராஜனைத் தேடியது. அவன் கொட்டகைக்குப் பின்னால், சாரலில் நனைந்துகொண்டு, துண்டை முகத்தில் பொத்திக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"இந்த மனுசனைப் பாரேன்! எந்திரிங்க. மரம் தப்பிச்சிட்டு."

அவன் துண்டை எடுக்காமலே சொன்னான். "ஏட்டி, அவ அங்க இல்லட்டி."

"என்ன சொல்லுதிய?"

"இலுப்பை மூட்டுல தோண்டித்தான் பாத்தோம். பூரா வேரு. கடப்பாறை எறங்கல. மழை வேற ஊத்துது, பிள்ளை நனைஞ்சுட்டே கெடக்கா. வாய்க்கால் கரையில மண்ணு பொதபொதன்னு இருந்துது. அங்கனதான் வச்சோம். வீட்டுக்கு வந்தா நீ, இலுப்பையடியிலதானன்னு கேட்ட. ஒன் மொகத்தப் பாத்துட்டு ஆமான்னுட்டேன்."

"அடுத்த வருசம் சொல்லியிருக்கலாம்லா?"

"அடுத்த வருசம் நீ பாலைக் கொண்டுக்கிட்டுப் போன. அதுக்குப் பொறவு எப்படிட்டி சொல்ல?"

ஆவுடைத்தாய்க்கு அவனை அங்கேயே கொன்றுபோடலாம் போல் இருந்தது. "அப்ப இத்தன வருசமும் வெறும் வேருக்கா பால் ஊத்துனேன்? பாவி மனுசா! அதான் மரத்த வெட்டட்டும்னியளா?"

"களம் அந்த மூலைக்குப் போவுது, பிள்ளை தப்பிச்சிட்டான்னு இருந்தேன். இப்ப..." அவனால் முடிக்க முடியவில்லை. முடிக்கவும் வேண்டாம். தன் வாயாலேயே கேட்டு, தன் பிள்ளை மேலேயே தளம் போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அவள்.

"எந்திரிங்க" என்றாள். "எடத்தக் காட்டுங்க."

"பொம்பளைய அங்கன..."

"காட்டுங்கன்னேன்."

தென்காசி பஸ்ஸில் ஏறி, பண்ணை விலக்கில் இறங்கி, வரப்பு வழியாக நடந்தார்கள். வாய்க்கால் கரையில் ஒரு நொச்சிப் புதருக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான் நம்பிராஜன். அடையாளம் என்று எதுவும் இல்லை. ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் மட்டும் தேய்ந்து கிடந்தது.

"மடை திருப்ப வரும்போதெல்லாம் இங்கன செத்த நேரம் உக்காருவேன்" என்றான்.

தினமும் வந்திருக்கிறான். வெயிலிலும் மழையிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போலச் சோறு தின்றிருக்கிறான். ஒருநாள்கூட அவளைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. பொய்யைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதை அவளால் பொறுக்க முடியவில்லை. தேய்ந்த புல்லின்மேல் விழுந்து, வாய்விட்டு, ஊருக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். பிள்ளை போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நம்பிராஜன் அவளைத் தொட வந்தான். அவள் விடவில்லை.

திரும்பும்போது, "நான் போயிச் சார்ட்டச் சொல்லிருதேன், எம் பேர்லதான் தப்புன்னு" என்றான்.

"நீங்க சொன்னா வேலையில வைப்பாவளா? இப்பப் போயி வாய்க்கால் கரைன்னு மாத்திச் சொன்னா யாரு நம்புவா? கூட்டத்துல கத்துனது நான். நானே சொல்லுதேன்."

மறுநாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. கலெக்டர் கண்ணாடியைத் துடைத்த கதை அதற்குள் ஐந்தருவி வரை போயிருந்தது. குளித்த ஈரத்தோடு பெண்கள் வந்து, "இதான் அந்தப் பிள்ளை மரமா?" என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சாணுயரம்கூட இல்லாத இலுப்பையின் மூட்டில் யாரோ குங்குமம் வைத்து, ஒரு துண்டுப் பிச்சிப்பூவும் சாத்தியிருந்தார்கள். வெள்ளைத் தளத்தை ஏற்கெனவே பெயர்த்து வாய்க்கால் கரையில் ஒட்டியாகிவிட்டது.

"வாம்மா!" என்றார் தில்லைநாயகம், வாயெல்லாம் பல்லாக. "ஒன்னாலதான் இம்புட்டுக் கூட்டமும். நாளைக்கே கரையில வேலையை ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்."

"ஆரம்பிக்காதீய சார். களம் பழைய எடத்துலயே இருக்கட்டும்."

"என்னம்மா வெளையாடுதியா?"

"எம் பிள்ளை அந்த மரத்துக்கு அடியில இல்ல சார்."

அவர் அவளையே பார்த்தார். "செத்த பிள்ளையை வச்சா பொய் சொன்னா, சண்டாளி?" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது அவள் காதில் நன்றாக விழுந்தது. நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டவளின் குரல் போலத்தான் இருந்தது.

"கலெக்டர்ட்ட நான் என்னன்னு போயிச் சொல்ல?" என்றார் தில்லைநாயகம்.

"நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லுங்க சார். அந்த இலுப்பைய வெட்டிருங்க."