பூசாமல் விட்ட மூலை

சுரண்டியால் ஒரு இழு இழுத்ததும் பழைய பெயிண்ட் தோல் தோலாக உரிந்து பெயிண்டரின் காலடியில் விழுந்தது. உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. தலைக்கு மேலே தொடங்கி, மூலை வழியாக இறங்கி, தரை வரைக்கும் படர்ந்திருந்தது. ஈரத்துணியைப் பக்கெட்டிலேயே மறந்து போட்டுவிட்டால் ஒரு வாடை வருமே, அது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

ஜன்னலும் பாதிதான். யாரோ பெரிய வியாபாரியின் கூடமாக இருந்ததைப் பலகைத் தடுப்பு வைத்து நாலு அறையாக்கியதில், ஒரு கதவு இங்கேயும் இன்னொரு கதவு பக்கத்து அறையிலுமாக மாட்டிக்கொண்டன. கூரையில் சுண்ணாம்பில் செய்த பெரிய பூ ஒன்று இருந்தது. அதிலும் பாதி இதழ்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அடுப்பு மேடையில் நின்று கையை நீட்டினால் கக்கூஸ் கதவு. கீழே வாசலில் மட்டும் இது பழம்பெருமை வாய்ந்த கட்டடம் என்று பித்தளைப் பலகை பளபளத்தது. அதைத் துடைக்கத் தனியாக ஆள் உண்டு. மேல்மாடிக் குழாய் ஒழுகி இந்தச் சுவர் அழுகுவதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

"ரூம்னு சொல்லாதப்பா, ஸ்டூடியோன்னு சொல்லு. ரூமுக்கு எவன் இவ்வளவு வாடகை குடுப்பான்?" என்று புரோக்கர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்.

பெயிண்டருக்கு அது ரூமோ ஸ்டூடியோவோ, கிடைத்தால் போதும். அவன் மனைவிக்கு இதே தெருக்கோடி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. இப்போது வயிற்றில் ஆறு மாதம். ஊரின் அந்தக் கடைசியில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நின்றுகொண்டே. இப்படியே குலுங்கிக்கொண்டு வந்தால் பிள்ளை தங்காது என்று நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். வேலையை விடலாமென்றால், அவன் கூலி ஒன்றை நம்பிக் குடும்பம் ஓடாது.

அவன் கேட்டுக் கேட்டு, புரோக்கரும் ஒருநாள் இறங்கி வந்தார். "பாப்போம். பாக்க வர்றவங்க வேணாம்னுட்டுப் போனா உனக்கே முடிச்சுடலாம். பழைய வாடகைக்கே எடுத்துக்கோ."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் யோசனை ஓடியது. மற்ற மூன்று சுவர்களுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளையடித்து முடித்தான். அழுகிய மூலையைச் சுரண்டித் திறந்து அப்படியே விட்டான். சுற்றிலும் வெள்ளை ஏற ஏற அது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

"மூலையில ஓதம் இருக்கு சார். காயாம பூசினா நிக்காது" என்றான் புரோக்கரிடம். பொய்யும் இல்லை.

மனைவி சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து பார்த்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன நாத்தங்க இது. இதைப் பாத்துட்டு யாராவது வருவாங்களா?"

"வரக்கூடாதுன்னுதான் விட்டு வெச்சிருக்கேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "பலே ஆளுதான். சரி, நம்ம கைக்கு வந்தா?"

"குழாயை அடைச்சு, மருந்தடிச்சு, நல்லாக் காயவெச்சுப் பூசிடுவேன். நம்ம வீட்டை விட்டு வெப்பேனா?"

தொட்டிலை ஜன்னலோரம் போடலாம் என்று அவள் இடம் பார்த்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் வரிசை மாடிப்படியை நிறைத்துத் தெருவுக்கும் இறங்கியிருந்தது. பெயிண்டர் வேலை பார்க்கிற மாதிரி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு மூலைக்குப் பக்கத்தில் நின்றான். யார் வந்தாலும் கண்ணில் படட்டும் என்று ஏணியைக்கூட நகர்த்தி வைத்திருந்தான்.

முதலில் வந்த டீச்சரம்மா மூலையைப் பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள். அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவள் புரோக்கரிடம் திரும்பி, "தண்ணி எப்பெப்ப வரும்?" என்றாள். அடுத்து வந்த பெரியவர் பூஞ்சையை விரலால் தொட்டுப் பார்த்து, விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டு, அட்வான்ஸைக் கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்று கெஞ்சினார். யாரும் திரும்பிப் போகவில்லை. பார்த்து முடித்தவர்கள் இடத்தை விட்டால் போயிற்று என்று சுவரோரமாக ஒண்டி நின்றார்கள். அறைக்குள் மூச்சு முட்டியது.

கைக்குழந்தையோடு ஒரு இளம் ஜோடி வந்தது. புருஷன்காரன் மூலையைக் கையால் அளந்தான். "பீரோவை இங்க போட்டா மறைஞ்சுடும்" என்றான் மனைவியிடம். பிறகு புரோக்கரிடம், "நீங்க சொன்னதுக்கு மேலயே தர்றோம் சார்."

"நானும் தரேன்" என்றாள் டீச்சரம்மா. பின்னாலிருந்து இன்னொரு குரல் அதற்கும் மேலே போனது. புரோக்கர் ஆட்டுக்கறிக் கடை முன்னால் நிற்கும் நாய் மாதிரி ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டருக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, இது வெறும் கறை இல்ல. ராத்திரியெல்லாம் இந்தக் காத்துதான். கொழந்தைக்கு இளைப்பு வந்துடும்."

"தெரியும்ணா" என்றான் அந்தப் பையன், குரலை உயர்த்தாமல். "இப்ப இருக்கற எடத்துல நாலு செவுரும் இப்படித்தான். இங்க ஒண்ணுதானே."

பெயிண்டர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அறை அந்த ஜோடிக்கே முடிந்தது.

கூட்டம் கலைந்து சாயங்காலமானதும் புரோக்கர் அவன் தோளில் தட்டினார். "பாத்தியா? மூலையப் பத்தி ஒருத்தன் கேக்கல. இத்தன வருஷமா பெயிண்டுக்குக் கொட்டி அழுதிருக்கேன், என்னச் சொல்லணும். மேல ரெண்டு ரூமும் அடிக்க வேணாம். அந்தப் புதுப் பெயிண்ட் பக்கெட்டைத் திறக்கலல்ல? கடை உங்க ஏரியாதான, திருப்பிக் குடுத்துடு."

"இந்த மூலைய மட்டுமாவது முடிச்சுடறேன் சார். கூலி வேணாம்."

"குடியிருக்கப் போறவங்களே கேக்கல, உனக்கென்ன வந்துது? அவங்க பீரோ கீழ வந்திருக்காம். போய் ஒரு கை புடி."

பீரோவை அந்தப் பையனும் அவனுமாகத் தூக்கி வந்து மூலையில் தள்ளினார்கள். முதுகுத் தகடு சுவரில் உரசி ஈரமாக ஒரு சத்தம் எழுப்பியது. பக்கத்தில் அந்தப் பெண் தொட்டிலை வைத்தாள். ஜன்னலோரம் கட்டிலுக்கே சரியாக இருந்தது. அந்த மூலையைச் சுரண்டித் திறந்துவிட்டது அவன்தான், பூசி மூடியாவது வைத்திருக்கலாம். பெயிண்டருக்குப் புரோக்கர் மேல், அந்தப் பித்தளைப் பலகை மேல், எல்லாவற்றுக்கும் மேலே தன் மேலேயே அருவருப்பாக வந்தது. தெருக்குழாயில் கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். வாடை போகவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அவன் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது.

"யாரு எடுத்தாங்க?"

"கைக்கொழந்தக்காரங்க."

"அந்த மூலையோடவா?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் அவள் வயிற்றைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அவர்கள் கண்ணிலும் தூக்கம் வழிந்தது. முதல் திருப்பத்திலேயே அவள் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் முழங்காலால் இடம் பண்ணி, பக்கெட்டைக் கீழே வைத்து, மூடியைச் சட்டையால் துடைத்தான். அவள் அதன் மேல் மெல்ல உட்கார்ந்து அவன் காலில் சாய்ந்துகொண்டாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவளுக்கு அடியில் வெள்ளைப் பெயிண்ட் தளும்புகிற சத்தம் கேட்டது.