மினுங்குற மெமரி

வெளிச்சம் வராத கறுப்பு மெமரியே போதும் என்று பின்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சித்திரபுரத்தில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்கிறவள் அவள். "பதினாறு ஜிபி ரெண்டு, ஒரே ஜோடி. ஒன் போர்டு தாங்குற வேகம் இவ்வளவுதான். கேமுக்கு இது தாராளம். வெளிச்சம் வர்றதும் இதே மெமரிதான் ஜோஜோ, மினுங்குறது வெறும் பவுசு" என்றாள்.

ஜோஜோவுக்கு அந்தப் பவுசுதான் வேண்டும். பகலெல்லாம் சூரியநெல்லியில் சுற்றுலாக்காரர்களை ஜீப்பில் ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் முகம் தெரியாதவர்களோடு துப்பாக்கிச் சண்டை போடுகிற வீரன் அவன். வீரனின் பெட்டி இருட்டாக இருந்தால் ஊர் என்ன சொல்லும்? ஏழு நிறமும் மாறி மாறி ஓடுகிற ஜோடியையே வாங்கினான்.

"மெமரிய நீயே மாட்டிருவ. மொதத் தடவ ஸ்க்ரீன் இருட்டாவேதான் கெடக்கும். புது மெமரிய அது பழகிப் பாக்குது. பயந்துபோயி நடுவுல ஓஃப் பண்ணிராத" என்று பின்சி சொல்லி அனுப்பினாள். சொன்னது அவ்வளவுதான். மலையேறி வீடு வந்து சேருவதற்குள் அதை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டது ஜோஜோவின் பயம்.

அம்மா ஒரு கல்யாணத்துக்காக உத்தமபாளையம் போயிருந்தாள். அப்பா சிலுவைராஜ், தேயிலை ஃபேக்டரிப் படியில் வழுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு முன்னறைக் கட்டிலில் கிடந்தார். ஜன்னலோரம் மேசை, மேசைக்கு ஒட்டினாற்போல் கட்டில். கம்ப்யூட்டருக்குப் போகிற வயர் கட்டிலுக்கு அடியில்தான் ஓடியது. வெளியே பொழுது சாய்கிற நேரத்து மூடுபனி, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது.

ஜோஜோ மெமரி இரண்டையும் போர்டின் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். டக்கென்று பிடித்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டான். காற்றாடிகள் சுற்றின. மெமரி இரண்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று கொஞ்சமும் வெட்கமில்லாமல் மின்னின. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் தப்பாக மாட்டிவிட்டோமோ என்று குனிந்து குனிந்து பார்த்தான்.

அப்போதுதான் போனில் வனத்துறை வாச்சரின் குரல் வந்தது. "ஒத்தையான் மூணாம் லயத்துக்கு எறங்கிருச்சு. எல்லாரும் லைட்ட அணைங்க. யாரும் பேசாதீங்க."

அந்த ஒற்றை யானையைப் பற்றி லயத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன மழையில் விளக்கெரிந்த வீட்டின் சுவரைத்தான் அது சாய்த்தது. வரிசையாக வீடுகள் இருண்டன. ஜோஜோவும் பாய்ந்து பல்பை அணைத்தான். ஆனால் அறை இருளவில்லை. மெமரி மின்னிக்கொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் ஜன்னல் வழியே போய்ப் பனியில் படர்ந்தன.

"அத அணைலே" என்றார் சிலுவைராஜ், மூச்சுக்காற்றில்.

"அணைச்சா மெமரி செத்துரும்ப்பா. போர்டும் போயிரும். இந்தா, இப்ப ஸ்க்ரீன் வந்துரும்."

வெளிச்சத்தை மட்டும் நிறுத்தலாம். ஆனால் அதற்குத் திரை வர வேண்டும். போர்வையைப் போட்டு மூடலாம். ஆனால் பெட்டியின் பக்கக் கண்ணாடி இன்னும் மாட்டவில்லை, காற்றாடி துணியை இழுத்துவிடும். ஆபத்து நேரத்தில் காரணங்களுக்கா பஞ்சம்? பெட்டியின் பின்பக்கச் சுவிட்சில் விரலை வைத்தான். வைத்தவன் அழுத்தவில்லை.

முற்றத்து வாழை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு பெரிய மூச்சு ஒன்று. அப்பாவால் எழுந்து ஓட முடியாது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓட அவனாலும் முடியாது. எல்லாம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கறுப்புத் திரையையே பார்த்தான்.

ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கம்பிகளுக்கு நடுவே தும்பிக்கை உள்ளே வந்து, மேசை விளிம்பைத் தடவி, கட்டிலுக்கு இறங்கி, சிலுவைராஜின் போர்வையை முகர்ந்தது. பச்சையும் நீலமும் அதன் ஈரத்தில் மாறி மாறி விழுந்தன. சேசுவே, சேசுவே என்று ஜோஜோவின் உதடு அசைந்தது. விரல் அசையவில்லை. பயத்தில் மரத்துப்போயிருந்ததா, இல்லை இன்னமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததா என்பது அவனுக்கே தெரியாது.

சிலுவைராஜ் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி வயரைப் பிடுங்கினார்.

இருட்டு. காற்றாடிகள் அடங்கின. தும்பிக்கை சற்று நேரம் அங்கேயே நின்று, ஒரு முறை சீறி, வந்த வழியே போயிற்று. பின்னர் கீழே வாச்சர்களின் பட்டாசுச் சத்தம் கேட்டது. ஏலக்காட்டுப் பக்கம் இறங்கிவிட்டது என்று போன் சொன்னது.

ஜோஜோ முதலில் செய்த காரியம், போன் வெளிச்சத்தில் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததுதான். அடுத்ததாகப் பின்சியைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான்.

"நடுவுல கரண்ட் போயிருச்சு. மெமரி செத்துருச்சா?"

"அது எப்படிச் சாகும்? மறுபடி மொதல்ல இருந்து பழகிப் பாக்கும். கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். அதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

அவன் போனை அணைத்தான். கட்டிலருகே மண்டியிட்டு, போர்வைமேல் சிதறியிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அப்பாவின் கை இன்னும் பிளக்கைப் பிடித்தபடியே இருந்தது.

"ஆனையப் பாத்து ரொம்பப் பயந்துட்டீங்களாப்பா?"

"ஆனைய நான் எங்க பாத்தேன்" என்றார் சிலுவைராஜ். "ஒன் வெரலத்தான் பாத்துக்கிட்டே கெடந்தேன்."