ஒற்றைத் தோலின் பெயர்

பஞ்சு அடைத்த அந்தச் சின்ன உடம்பு என் உள்ளங்கையில் கிடக்கிறது, கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு, காலில் சிவப்புச் சீட்டு, கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம், கங்காருவுக்கு உறவு என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும், மைனிக்கும் வந்தது, மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா செண்பகவல்லி, எங்களோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகக் கோவில்பட்டியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர், நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் இழுப்பறையைத் திறந்து காட்டியதும், ஏளா, இந்தச் சுண்டெலிக்காகவா இம்புட்டுத் தூரம் வந்து கெடக்கே என்று கேட்டார், எலி இல்ல மைனி, வயித்துல பை உண்டு, டன்னார்ட்னு பேரு, இந்த வகையில உலகத்துக்கே இது ஒண்ணுதான் இருக்கு என்றேன். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது இதுதான் அது என்று ஒரே ஓர் உடலை எடுத்து வைப்பார்கள், வகைமாதிரி என்பார்கள், பெயர் முழுக்க அந்த உடலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும், எங்களுடையதோ வெறும் தோல், அந்தக் காலத்தில் பிடித்தவர் மண்டையோட்டை அனுப்பவில்லை, அதற்குப் பிறகு அப்படியொன்றை யாரும் பார்க்கவுமில்லை, ஆகவே இது தனி இனமே அல்ல, எங்கும் திரிகிற பெரிய டன்னார்டின் வளராத குட்டி என்று ஒருவர் எழுதிவிட்டார், பேரை அடிச்சுப்போடப் போயினம், என்ன செய்யிறது என்றார் எங்கள் பிரிவின் தலைவர் குகதாசன், யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், பெயர் போனால் அதைத் தேடவும் ஆளிருக்காது.

தேடத்தான் போனோம், வீட்டுக்காரர் வெளியூரில், மைனியைத் தனியாக விட முடியாமல் கூட்டிக்கொண்டு, தோல் கிடைத்த அதே மணல்மேடுகளுக்கு, ஜீப்பிலிருந்து இறங்கியதும் மைனி நின்று பார்க்கிறார், சிவந்த மணல், காற்று வாரிய வரிகள், அட, இது நம்ம தேரிக்காடுலா, பனைதான் இல்ல என்கிறார், நானும் ஒரு கணம் பனையைத் தேடுகிறேன், ராத்திரி ஓடுகிறது தவறி விழட்டும் என்று மணலில் வாளிகளைப் புதைத்து வைக்கிறோம், விடிந்ததும் எட்டிப் பார்த்தால் வண்டு, பல்லி, ஒருநாள் தேள், மைனி கிளறித் தந்த உப்புமாவில் மணல் நறநறக்கிறது, ஒருவரும் குறை சொல்வதில்லை, கிளம்ப வேண்டிய அன்று காலையில் கடைசி வாளியின் அடியில் அது உட்கார்ந்திருக்கிறது, கருமணிக் கண், தோலில் நான் ஒருநாளும் பார்த்திராத கண், என்னையே பார்க்கிறது.

கொண்டு போவம் என்றார் குகதாசன், ஒண்டு எடுக்க அனுமதி இருக்கு, மண்டையோடு வேணும், பல்லைப் பாக்காமல் ஒருத்தரும் நம்பமாட்டினம். அவர் சொன்னது சரி, நானும் அதற்குத்தானே வந்தேன், வாளியிலிருந்து துணிப்பைக்கு மாற்றி, உள்ளே கைவிட்டுப் பிடித்தேன், அந்தச் சின்ன நெஞ்சு என் விரலில் படபடவென்று அடித்தது, ஆணா பெண்ணா என்று புரட்டிப் பார்த்தால் வயிற்றில் பை, பைக்குள் இளஞ்சிவப்பாக அரிசி அரிசியாக ஆறோ ஏழோ, ஒவ்வொன்றும் ஒரு காம்பைக் கவ்விக்கொண்டு, தோளுக்கு மேலாகக் குனிந்த மைனி, ஏ ஆத்தா, பிள்ளைக்காரியா இவ என்றார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அண்ணா, இதே அளவுதான் தோலும், இது வளராத குட்டின்னா இதுக்கு எப்படிக் குட்டி வந்துச்சு என்றேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், ஓம், வளர்ந்த பெட்டைதான், எண்டாலும் மண்டையோடு என்று இழுத்தார், இவளை எடுத்தா இத்தனையும் போயிரும், படம் எடுப்போம், அளப்போம், காதுல ஒரு துளி சதை போதும், தோலோட கால்விரல்ல எடுத்த துணுக்கு சிதைஞ்சதுதான், ஆனா இதோட மரபணுவை வச்சு ஒத்துப் பார்க்கலாம் என்றேன், ஒத்துவராட்டி, என்று கேட்டார், ஒத்துவரலைன்னா பேர் போகட்டும், பழி எனக்கு என்றேன், மைனி என் முதுகில் கை வைத்தார், சரி, அசையாமல் பிடியுங்கோ என்று சொல்லிக் குகதாசனே கேமராவை எடுத்தார். விட்டபோது அது உடனே ஓடவில்லை, என் மணிக்கட்டில் ஏறி நின்று மூக்கை ஆட்டியது, பிறகு முள்ளுப்புல் புதருக்குள் போனது, மணலில் அதன் தடத்தைக் காற்று மூடும்வரை மூவரும் நின்றோம்.

மைனி ஊர் திரும்பி மழைக்காலமும் வந்துவிட்டது, ஆய்வகத்துப் பதிலை அச்செடுத்துக்கொண்டு குகதாசன் என் மேசைக்கு வந்தார், தோலும் காதும் ஒன்று, பெரிய டன்னார்ட் வேறு, பேர் நிக்குது தங்கச்சி என்றார், அதுவரை அவர் என்னைத் தங்கச்சி என்றதில்லை. உடனே கோவில்பட்டிக்குக் கூப்பிட்டேன், மைனி, நம்ம ஆளு பேர் நின்னுருச்சு என்றேன், அந்தப் பக்கம் குக்கர் விசில், பேர் கெடக்கட்டும்ளா, பிள்ளைக இந்நேரம் பையிலிருந்து எறங்கியிருக்கும்லா என்று கேட்டார் மைனி, எறங்கி, தனித்தனியா ஓடப் பழகியிருக்கும் மைனி என்றேன், ஓடட்டும், ஓடட்டும் என்றார்.