கொக்கி பட்ட தோள்

பிறந்த நாளிலிருந்து நான்கு நாளாய் வேதநாயகம் தன் குழந்தையின் தோளை மூடியே வைத்திருந்தான். இடது தோளில், கழுத்தோரமாய், கருஞ்சிவப்பில் வளைந்த ஒரு மச்சம். பத்து மாதத்துக்கு முன் வேலுவின் தோளில் கொக்கி இறங்கிய அதே இடம்.

அன்று துறைமுகத்தில், தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து அரிசி மூட்டைகளைக் கயிறு கட்டிக் கொக்கியில் தூக்கினார்கள். முடிச்சுப் போட்டவன் வேதநாயகம். முடிச்சு நழுவியது, மூட்டைகள் சரிந்தன, பாரம் விட்ட கொக்கி வீசியடித்து, கீழே நின்ற வேலுவைக் குத்தியது. அங்கேயே உயிர் போனது.

"குடிச்சிட்டு வந்து நின்னான், அதான் விலகத் தெரியல. என்ன வேதநாயகம்?" என்றான் கூலியாட்களை மேய்க்கும் தண்டல், விசாரிக்க வந்தவர்கள் முன்னால்.

வேதநாயகம் தலையாட்டினான்.

வேலு கள்ளைத் தொட்டதில்லை. ஆனாலும் அவர்கள் குடியிருந்த டத்தோ கிராமாட் பலகை வீடுகளில் அவன் மனைவி பேச்சாயிக்குக் குடிகாரன் பெண்டாட்டி என்று பேர் விழுந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் வேதநாயகம் முடிச்சைச் சொன்னான். தலையாட்டியதைச் சொல்லவில்லை. பரிகாரமாய் மூன்று செபமாலை சொல்லச் சொன்னார் சாமியார். வேலைக்குப் போகிற வழியிலேயே சொல்லி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் கோயில் வாசலில் துணியை விலக்கிப் பார்த்தான். மச்சம் அப்படியே இருந்தது.

"சாமி, செத்தவன் திரும்பிப் பொறப்பானா?"

"மனுஷன் சாகிறது ஒரு தடவைதான். அப்புறம் ஆண்டவர் முன்னால தீர்வை. யாரை நினைச்சுக் கேக்கிறே?"

"யாரையும் இல்ல, சாமி."

பிற்பகலில் பேச்சாயி வெந்நீரோடு வந்தாள். அந்த வரிசையில் பிறக்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது அவள்தான். ஞானஸ்நானம் ஆகட்டும் என்று சொல்லித்தான் அவளை இத்தனை நாள் தள்ளி வைத்திருந்தான். இனிச் சொல்ல ஒன்றுமில்லை.

"என்னண்ணே, புள்ளையப் போயி மூட்டை கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க?"

உள்ளே படுத்திருந்த அவன் மனைவி ரோசலின் சிரித்தாள். "கேளுக்கா! என்னையே அந்தத் துணியத் தொட விடல."

பேச்சாயி காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தினாள். துணியை அவிழ்த்தாள். எண்ணெய்க் கை தோளில் நின்றுவிட்டது.

 அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"வந்துட்டாருண்ணே. எதிர் வீட்டுல பொறந்தா நான் தெனம் பாப்பேன்னு வந்திருக்காரு. குடிகாரன்னு சொன்னாங்களே, குடிகாரனுக்கு இப்படி வீடு தேடத் தெரியுமா?"

குழந்தை கண்ணைத் திறந்தது. அவளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற வேதநாயகத்தைப் பார்த்தது. இமைக்கவில்லை.

"அந்த முடிச்சு நான் போட்டது, பேச்சாயி." என்றான் வேதநாயகம். "அவன் குடிக்கல. தண்டல் கேட்டப்போ நான் தலையாட்டிட்டேன்."

உள்ளே ரோசலின் எழுந்து உட்கார்ந்தாள்.

பேச்சாயி மீதி வெந்நீரை மெதுவாக ஊற்றி முடித்தாள். அந்தத் தோளை ஒருமுறை தடவினாள். எழுந்து ஈரக் குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

"அப்போ அவரு என்னத் தேடி வரல. உங்ககிட்டதான் வந்திருக்காரு. இனி நீங்களே குளிப்பாட்டுங்க."

பிறந்ததிலிருந்து அவன் தூக்கினாலே வீறிடும் பிள்ளை, அன்று அழவில்லை. அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.