மணி கோத்த கை

எங்களக் களவாணிக் குடும்பம்னு இதுவரைக்கும் ஒரு சனம் சொன்னதில்ல. என் மகளக் கட்டப்போற வீட்டுப் பிள்ள சொல்லிட்டா. அதுவும் எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து, நான் போட்ட காப்பியக் குடிச்சுக்கிட்டே.

அவ பேரு சத்யப்பிரியா. மாப்பிள்ளை வேல்ராஜுக்குத் தங்கச்சி, மெட்ராசுல மேல்படிப்புப் படிக்கிறா. சேலை துணிமணியெல்லாம் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப நான் சும்மா இருக்காம, "இன்னும் கருகமணி மட்டுந்தான் பாக்கி, ஏர்வாடிக்குப் போய் வாங்கியாரணும்"னேன்.

"கருகமணியா? அது முஸ்லிம் கல்யாணத்துலதான அத்தை கட்டுவாங்க?"

"எங்க வகையறாவுலயும் உண்டு. தாலிக்கு முன்னால மணி ஏறணும்."

அவ டம்ளரக் கீழ வச்சா. "அது அவங்க அடையாளம் அத்தை. நமக்குப் பிடிச்சிருக்குன்னு எடுத்துப் போட்டுக்கிறது சரியா? எங்கூடப் படிக்கிற பிள்ள ஒருத்தி, கடையில இத ஃபேஷன் மாலைன்னு தொங்கவிட்டிருக்கிறதப் பாத்துட்டு அழுதுட்டா. எங்க உம்மா கழுத்துல கெடக்குறத எடுத்து விக்கிறானுங்கன்னு சொன்னா. கேக்காம எடுத்தா அது திருட்டு மாதிரித்தான?"

எனக்கு வந்துச்சே கோவம்! சம்பந்தி வீட்டுப் பிள்ளையாச்சேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டேன். என் மக கவிப்ரியா கண்ணாலயே "அம்மா, பேசாத"ன்னா. நான் எங்க பேசாம இருந்தேன்?

"ஏத்தா, நாங்க என்ன செவரேறிக் குதிச்சா களவாண்டோம்? அந்தக் காலத்துல எங்க வீட்டுக்காரர் குடும்பத்துல வாழவந்த பொண்ணுக ஒருத்தி மாத்தி ஒருத்தி தாலியறுத்து நின்னுருக்காக. கடலாடியில இருந்து நடந்தே போய் ஏர்வாடி தர்காவுல விழுந்து அழுதுருக்காக. அங்கன ஒரு அம்மா, தன் மகளுக்குன்னு கோத்து வச்சிருந்த கருகமணியத் தூக்கிக் குடுத்து, 'இதப் போட்டுத் தாலி கட்டுங்க, அல்லா காப்பாத்துவான்'னு சொல்லியிருக்காக. அன்னையில இருந்து அந்த வீட்டு மணி இல்லாம எங்க வீட்டுல தாலி ஏறாது. கடையில வாங்குனது செல்லாது, கேட்டுத்தான் வாங்கணும். நாளைக்கு நீயும் வா. வந்து கண்ணால பாத்துட்டுப் பேசு."

மறுநாள் முண்டு மொளகா வத்தல் ஒரு பை நெறையக் கட்டிக்கிட்டு, ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பஸ் ஏறினேன். அந்த வீட்டுக்கு வெறுங்கையோட போற வழக்கம் கிடையாது. எங்க காட்டு வத்தல் போனாத்தான் அவுக வீட்டுல மீன் கொழம்பே கொதிக்கும்.

அந்த வீட்டு நெய்னா முகம்மது மச்சான் மார்கழியில தவறிட்டாரு. நல்ல மனுசன். அவரு பொண்டாட்டி செய்யதம்மாள் எனக்கு அக்கா மாதிரி. மாதிரி என்ன, அக்காவேதான். கவிப்ரியா அவுகளப் பெரியம்மான்னுதான் கூப்புடும், அவுக மக ஜுலைஹா என்னையச் சின்னம்மான்னு கூப்புடும். புருசன் போனப்புறம் நாலு மாசம் வெளிய வராம இருக்குற இத்தா, அக்காவுக்கு முடிஞ்சு கொஞ்ச நாளுதான் ஆகுது.

பஸ்ஸுல போகும்போதுதான் எனக்கு ஒண்ணு நெஞ்சுல தட்டுச்சு. எங்க பக்கத்துல இந்த மணியக் கட்டுக்கழுத்தி கையாலதான் வாங்கணும். புருசன் உசுரோட இருக்கிறவ குடுத்தாத்தான் வாங்குறவ புருசனுக்கு ஆயுசுன்னு என் மாமியார் சொல்லிக் குடுத்தது. இத்தனை நாளும் அக்கா குடுத்துச்சு. இனிமே? சரி, ஜுலைஹா இருக்கால்ல, கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளை பெத்தவ, அவகிட்ட வாங்கிக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன். இதுல ஒரு தப்பு இருக்கும்னு சத்தியமா எனக்குத் தோணல.

நாங்க போய்ச் சேந்தப்ப அக்கா வாசலுக்கே வந்து என்னையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. கழுத்து வெறுமையா இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு, அவளுக்கும்தான். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "வா வா, மணப்பொண்ணுக்கு எல்லாம் ரெடி"ன்னு உள்ள கூட்டிட்டுப் போனா.

பாய் மேல ஒரு வெள்ளைத் துணி. அதுல கருகமணியெல்லாம் சின்னது பெருசு பாத்துப் பொறுக்கி, நடு நடுவுல போடத் தங்கக் குண்டு, நூலு, ஊசி எல்லாம் வச்சிருந்துச்சு. "இத்தாவுல இருந்தப்ப எனக்கு வேற என்ன வேலை? கவி கல்யாணத்துக்குன்னு ஒவ்வொரு மணியாப் பொறுக்கிக்கிட்டே இருந்தேன் பூமயிலு. மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. நீங்க வந்தப்புறம் பிள்ளை கழுத்துக்கு அளவு பாத்துக் கோக்கலாம்னு விட்டு வச்சேன்"ன்னு ஊசிய எடுத்தா.

நான் வாயத் தொறந்தேன். தொறக்காம இருந்திருக்கலாம்.

"அக்கா, ஜுலைஹா கோக்கட்டுமே."

"அவளா? அவளுக்குப் பொத்தான் வைக்கவே தெரியாது!"ன்னு சிரிச்சா.

"இல்லக்கா... எங்க பக்கத்துல, கட்டுக்கழுத்தி கையாலதான்... ஒனக்குத் தெரியாததா."

அக்கா ஊசியக் கீழ வச்சுட்டா. துணியத் தொட்டுக்கிட்டு இருந்த கையையும் எடுத்து மடியில வச்சுக்கிட்டா. "ஆமால்ல. ஒங்க வழக்கம். எனக்கு ஞாவகமில்ல பாரு"ன்னு சொல்லிட்டு, "தேத்தண்ணி போடுறேன்"னு உள்ள போனா. அடுப்பங்கரையில ஒரு பாத்திரச் சத்தமும் கேக்கல.

ஜுலைஹா கதவோரம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கிறவ, சத்தம் போட்டு எங்கிட்ட பேசுனதே இல்ல. அன்னைக்கும் சத்தம் போடல.

"சின்னம்மா, எங்க உம்மா கை நேத்து வரைக்கும் நல்ல கை. வாப்பா மவுத்தானதும் கெட்ட கையாப் போச்சா?"

"நான் அப்படிச் சொல்லல தாயி. வழக்கம்..."

"யாரு வழக்கம்? எங்க மார்க்கத்துல புருசனைப் பறிகொடுத்தவ ராசியில்லாதவன்னு எங்கயும் கிடையாது. நீங்க எங்க மணிய வாங்குறீங்க, ஒங்க நம்பிக்கைக்குப் போட்டுக்கிறீங்க, எங்களுக்குச் சந்தோசம். ஆனா ஒங்க தீட்ட எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்து எங்க உம்மா தலையில வைக்கிறீங்களே? மணி மட்டும் வேணும், மனுசி வேணாமா? அப்படின்னா கடையிலயே வாங்கிக்கங்க. நான் கோத்துத் தர மாட்டேன்."

எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அதுவும் யாரு முன்னாடி? சம்பந்தி வீட்டுப் பிள்ளை முன்னாடி! ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "ஒன் வயசுக்கு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? எம்மக தாலி நெலைக்கணும்னு நான் நினைக்கிறது குத்தமா?"ன்னு கத்திட்டு விறுவிறுன்னு தெருவுக்கு வந்துட்டேன்.

வெயிலு மண்டையப் பொளந்துச்சு. தர்காவுக்குப் போற சனம் சர்பத் கடையில மொய்ச்சுக்கிட்டு நின்னுச்சு. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாத்தா, பின்னாடி ரெண்டும் வரல. கடை நெழல்ல நிக்கிறாளுக.

"நான் வரல"ன்னா கவிப்ரியா. "பெரியம்மா கையால மணி வாங்காம நான் மணவறையில உக்கார மாட்டேன்."

"ஏண்டி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? வேல்ராஜுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" கேட்டப்புறந்தான் அவன் தங்கச்சி பக்கத்துல நிக்கிறா, அச்சானியமாப் பேசிட்டமேன்னு நாக்கக் கடிச்சேன். பாத்தா, சத்யப்பிரியா கண்ணு கலங்கிப் போயிருக்கு.

"எங்கப்பா இறந்து நாலு வருசமாச்சு அத்தை"ன்னா. "எங்கம்மா கல்யாணத்துக்குப் பட்டுச் சேலையே எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பெத்த மகன் கல்யாணத்துல, கடைசித் தூணுக்குப் பக்கத்துல நின்னு பாத்துக்கிறேன்னு சொல்றாங்க. யாரும் போகச் சொல்லலையாம், அதுதான் மொறையாம். அண்ணன் கெஞ்சிப் பாத்துட்டான், நானும் சண்டை போட்டுப் பாத்துட்டேன். கேக்கல."

என் சம்பந்தி உமாமகேஸ்வரி பந்தல்கால் நடுறப்பவும் வரல. ஏன் வரலன்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. கேக்கத் தோணல. ஏன்னா, அவுக வரமாட்டாகன்னு எனக்கும் தெரியும், வராததுதான் நல்லதுன்னு உள்ளுக்குள்ள நானும் நெனச்சேன்.

சர்பத் ஒண்ணு வாங்கிக் குடிச்சேன். ஒரு பக்கம் பயம். ஒத்தப் பொம்பளப்பிள்ளை வச்சிருக்கிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். இன்னொரு பக்கம், அந்தக் கையி. ஊசியக் கீழ வச்சுட்டு மடியில போட்டுக்கிட்ட கையி. அத எப்படிப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிச் சோறு திம்பேன்?

திரும்பி நடந்தேன். வாசல்ல ஜுலைஹா நின்னா.

"என்ன சின்னம்மா, கடையில கெடைக்கலையா?"

"தள்ளுத்தா. ஒன்னோட நான் அப்புறமா வந்து சண்டை போடுறேன்"னு உள்ள போனேன்.

அக்கா மணியெல்லாம் அள்ளி டப்பாவுல போட்டுக்கிட்டு இருந்தா. நான் அந்த டப்பாவப் பிடுங்கி மறுபடியும் துணியில கொட்டுனேன். "நீதான் கோக்கணும்"னேன்.

"வேணாம் பூமயிலு. ஒனக்குப் பயமா இருக்குமுல்ல."

"பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் நீயே கோத்துக் குடு. நீ கோக்கலன்னா எனக்கு இந்த மணியே வேணாம்."

அக்கா என்னையே பாத்தா. அப்புறம் அவளுக்கு உதடு துடிச்சுச்சு. அழப் போறாளாக்கும்னு பாத்தா, சிரிக்கிறா! வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா.

"ஒன் கல்யாணத்துக்கு மணி கோத்தது யாரு தெரியுமா?"

"நீதான? என் மாமியார்கிட்ட நீதான குடுத்த?"

"வாசலுக்குக் கொண்டாந்து குடுத்தது நானு. புதுசா வாழவந்தவ, எனக்கு என்ன தெரியும்? உள்ள உக்காந்து கோத்தது எங்க மாமி, அவரப் பெத்தவுக. மாமா மவுத்தாகி அப்பவே பல வருசம். வெளி ஆளுக முன்னாடி மாமி வரமாட்டாக. எந்தக் கை கோத்துச்சுன்னு ஒங்க வீட்டுல ஒருத்தரும் கேக்கவும் இல்ல, நாங்க சொல்லவும் இல்ல. மாமி இருந்த வரைக்கும் ஒங்க வகையறாப் பொண்ணுக அம்புட்டுப் பேருக்கும் அவுகதான் கோத்தாக."

அப்ப என் தாலிக்கு முன்னால ஏறுன மணியும் தாலியறுத்தவுக கோத்ததா! எங்க வீட்டுக்காரர் வீரபத்திரன் அன்னைக்குக் காலையில பத்து இட்லி தின்னுட்டு, சட்னியில உப்பு இல்லன்னு எங்கிட்ட மல்லுக்கு நின்ன மனுசன். கல்லுக் குண்டாட்டம் இருக்காரு.

"அடப்பாவி அக்கா! இத அப்பவே சொல்லியிருந்தா நான் இப்படி வெயில்ல அலைஞ்சிருப்பேனா?"

"சொல்லியிருந்தா, மாமி கோத்ததுக்காக எங்கிட்ட வாங்கியிருப்ப. எனக்காக வாங்கியிருக்க மாட்ட"ன்னா.

அவ கையப் பிடிச்சு என் மூஞ்சியில வச்சுக்கிட்டு, வெக்கமில்லாம அழுதேன். ஜுலைஹா பக்கத்துல வந்து உக்காந்து, ஊசியில நூலக் கோத்து அவ உம்மாகிட்ட நீட்டுனா. கவிப்ரியா கழுத்த நீட்டிக்கிட்டு உக்காந்துச்சு. சத்யப்பிரியா ஒவ்வொரு மணியா எடுத்துக் குடுத்தா.

கெளம்பும்போது நான் சொல்லிட்டேன்: "கோத்தா மட்டும் போதாது. நீயே வந்து மணவறையில வச்சுப் போட்டுவிடணும்."

"ஒங்க சனம் ஏதாவது பேசும் பூமயிலு."

"பேசட்டும். பேசுறவளுக்குப் பந்தியில பாயசம் கெடையாது."

வைகாசி முகூர்த்தத்துக்கு அக்காவும் ஜுலைஹாவும் விடியக்காலையிலயே வந்து எறங்கிட்டாக. அக்கா மணவறையில ஏறுனதும் மண்டபத்துல ஒரு சலசலப்பு. மணி போடுறது எல்லாரும் அறிஞ்ச வழக்கந்தான், ஆனா வெள்ளைச் சேலையோட ஒருத்தி மணவறையில ஏறி யாரும் பாத்ததில்ல. என் நாத்தனா என் இடுப்பக் கிள்ளி, "ஏண்டி, வேற கை கெடைக்கலையா ஒனக்கு?"ன்னா. "இதவிட நல்ல கை நம்ம சாதிசனத்துலயே இல்ல மதினி"ன்னு நாலு பேரு காதுல விழுற மாதிரித்தான் சொன்னேன்.

அக்கா பிஸ்மில்லா சொல்லி மணியக் கட்டுனா. கவிப்ரியா கும்புட்டு எந்திரிச்சுச்சு. ஐயர் தாலியத் தட்டுல வச்சு ஆசீர்வாதத்துக்கு அனுப்புனாரு. அக்கா மாப்பிள்ளை தலையத் தொட்டு வாழ்த்திட்டு, சுத்தி முத்தித் தேடுனா.

"மாப்பிள்ளையப் பெத்தவுக எங்கன?"ன்னு கேட்டா. நெசமாவே தெரியாமத்தான் கேட்டா.

வேல்ராஜு குனிஞ்சுக்கிட்டான். மண்டபத்துக் கடைசியில, தூணோட தூணா, சாயம்போன ஒரு நூல் சேலையில நின்னாக உமாமகேஸ்வரி.

நான் எறங்கி ஓடுனேன். பொண்ணோட அம்மா முகூர்த்த நேரத்துல மணவறைய விட்டு எறங்கக் கூடாதுன்னு எவளோ கத்துனா. போய்ச் சம்பந்தி கையப் பிடிச்சேன். "வேணாம் மதினி, பிள்ளைக்கு ஆகாது"ன்னு அவுக பின்னால பின்னால போறாக. பிடிய விடாம, "நீங்க வராம இந்தத் தாலி ஏறாது. வாங்க, எனக்கும் பயந்தான். ரெண்டு பேருமாப் போவோம்"னேன்.

அவுக என் மூஞ்சியப் பாத்தாக. அப்புறம் மூக்கச் சிந்தி முந்தானையில தொடச்சுக்கிட்டு, என் கூட நடந்து வந்தாக. வேல்ராஜு அம்மாவுக்குன்னு நகந்து எடம் விட்டான்.